அவருக்கு ஒண்ணும் ஆகலையே!

"இருபது வருஷமா குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

இந்தக் கேள்வி விழாத வீடுகள் எங்கள் பக்கத்தில் ரொம்பக் குறைவு. கேட்பவர் வீட்டுக்காரர். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பவர் அவருடைய மனைவி. அந்தப் பதிலை உங்கள் கையில் கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயந்துவிடாதீர்கள்! கடுக்காயை வைத்தே புரிய வைத்துவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நான் வைத்தியம் பார்க்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் வருஷா வருஷம் எனக்குக் கடுக்காய் கொண்டு வந்து தருவார். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் அந்தக் கொடுமை நடந்து சில வாரம் கழித்து மூட்டையோடு வந்தார். கூடவே அவர் மனைவி.

"ஐயா, இவரு டவுனுக்கு எறங்கினா பாக்கெட்டு குடிக்காம மலை ஏற மாட்டாரு. நீங்களாவது சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

பெரியவர் சிரித்தார். "இருபது வருஷமா குடிக்கிறேனுங்க. எனக்கு என்ன ஆச்சு? செத்தவங்களுக்கு உடம்புல தெம்பு இல்லீங்க. எங்க பங்காளி ஒருத்தன் அதே வாரம்தான் குடிச்சான். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே!"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டச் சொன்னேன்.

கருணாபுரத்தில் நடந்தது என்ன?

கதையைத் தொடருமுன் ஒரு விஷயம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிந்தது. சேலத்துக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. அதற்கு முந்தைய வருஷம்தான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் இதேபோல் 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். இது மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறுகிற ஊறல் அல்ல. பெயிண்ட், ரசாயனத் தொழிலுக்குப் பயன்படும் சரக்கு. பார்வைக்கும் வாசனைக்கும் சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். நாக்கு கண்டுபிடிக்காது. மலை என்றாலே சாராயம் என்று பேசுகிறார்கள், அதுவும் தப்பு. அங்கே பெரும்பாலோர் சாமை, தினை, மரவள்ளி என்று பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள்.

மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைக்கப் பார்க்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பிணம் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் இருக்கிறதே, அதன் சரக்கு இதுதான். அடுத்து ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம். அது ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. கண் நரம்பைத் தாக்குகிறது. இது நடக்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை குடித்தவர் சாதாரணமாகவே நடமாடுவார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடுக்காய்க்கு வருவோம்.

முதல் வடிவம்: மணி

தரையில் கிடந்த கடுக்காய்களை அளவு வாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னேன். ரொம்பச் சின்னது கொஞ்சம். ரொம்பப் பெரிசு கொஞ்சம். நடுத்தரம்தான் பெரிய குவியல். குவியல்களை வரிசையாக வைத்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியார்கள் இதை இயல்நிலைப் பரவல் என்பார்கள். ஓர் அளவு எந்தப் பக்கம் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதைச் சொல்வதுதான் பரவல்.

இந்த மணி வடிவத்தில் சராசரியை நம்பலாம். ஒரு கடுக்காயின் சராசரி எடை தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த காயும் ஏறத்தாழ அந்த எடைதான் இருக்கும். பத்து மடங்கு பெரிய கடுக்காயை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

நம் புத்தி எல்லாவற்றையும் இந்த மணி என்றே நினைக்கிறது. அங்கேதான் வம்பு!

இரண்டாவது வடிவம்: நீண்ட வால்

ஒரு தெருவில் பத்துப் பேர் என்று வையுங்கள். ஐந்து பேர் தொடுவதே இல்லை. இரண்டு பேர் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட். ஒருவர் இரண்டு. ஒருவர் நான்கு. ஒருவர் பன்னிரண்டு. மொத்தம் 20 பாக்கெட். சராசரி இரண்டு. ஆனால் சராசரியாகக் குடிக்கிறவர் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான்! ஆபத்தில் இருப்பவர் அவர் இல்லை; பன்னிரண்டு குடிக்கிறாரே, அவர்.

இந்தப் படத்தை வரைந்தால் இடது பக்கம் நெருக்கமாகக் குவிந்து, வலது பக்கம் மாட்டு வால் போல நீண்டுகொண்டே போகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த சல்லி லெடர்மான் என்ற ஆய்வாளர் 1956-ல் இதைத்தான் எழுதினார். ஒரு ஊரின் குடிப்பழக்கம் மணி வடிவில் இல்லை, மடக்கை இயல்நிலைப் பரவல் என்கிற வால் நீண்ட வடிவில் இருக்கிறது என்றார். துல்லியமாக அந்த வடிவமேதானா என்று பின்னால் வந்தவர்கள் தகராறு செய்தார்கள். வால் நீளம் என்பதில் தகராறு இல்லை.

ஏன் வால் வருகிறது? சின்னச் சின்னக் காரணங்கள் பல ஒன்றோடொன்று கூடினால் மணி வரும். பெருக்கினால் வால் வரும். உடம்புக்குள் போகும் நஞ்சின் அளவு எப்போதும் பெருக்கல்தான். சரக்கில் எவ்வளவு நஞ்சு, எத்தனை கிளாஸ், எத்தனை நாள். இவற்றைப் பெருக்கி உடல் எடையால் வகுக்க வேண்டும். சரக்கு, கிளாஸ், நாள் மூன்றும் ஒருவருக்கு இரண்டு மடங்காக இருந்தால் ஆறு மடங்கு இல்லை, 2×2×2, எட்டு மடங்கு! மூன்றும் பாதியாக இருப்பவருக்கு எட்டில் ஒரு பங்கு. ஒரே தெருவில் இரண்டு பேருக்கு நடுவே 64 மடங்கு வித்தியாசம்.

இந்த இடத்தில் தெரியாமல் மணி வடிவத்தைப் போட்டால் என்ன ஆகும்? மணிக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. இடது சரிவு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். மைனஸ் அரை கிளாஸ் குடிப்பது யார்? வலது பக்கமோ வால் சீக்கிரமே அறுந்துவிடும். பன்னிரண்டு பாக்கெட் குடிக்கிற மனிதர் காகிதத்தில் காணாமல் போய்விடுவார். நிஜத்தில் அவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

மூன்றாவது வடிவம்: இரட்டைத் திமில்

இப்போதுதான் பெரியவரின் கேள்விக்கு வந்தேன்.

"பத்து பாக்கெட்டு இருக்குன்னு வைங்க. ஒன்பதுல மெத்தனால் சுத்தமா இல்ல. ஒண்ணுல மட்டும் 40 மில்லி. சராசரி என்ன?"

விரல் விட்டு எண்ணினார். "நாலுங்களா?"

"நாலு. மருத்துவ நூல்ல 10 மில்லிகூடக் கண் பார்வையைப் பறிச்சுடும்னு இருக்கு. 30 மில்லி உயிரையே எடுக்கலாம். நாலுங்கறது ரெண்டுக்கும் கீழ. அப்போ சராசரிப்படி பத்து பாக்கெட்டும் பத்திரம். ஆனா அந்தப் பத்தாவது பாக்கெட்டை வாங்கினவர் எங்கே?"

பெரியவர் பேசவில்லை.

நாலு மில்லி உள்ள பாக்கெட் என்று அந்தப் பத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? ஒன்று பூஜ்யம், இல்லாவிட்டால் நாற்பது. படம் போட்டால் நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் திமிலுமாக இருக்கும். இரண்டு வேறு ஊற்றுகளிலிருந்து வந்த சரக்கு கலந்தால் இப்படித்தான். ஒன்று வழக்கமான சாராயம். மற்றொன்று எவனோ கேனில் கொண்டு வந்து ஊற்றிய ஆலைச் சரக்கு. இதற்கு மணியும் பொருந்தாது, வாலும் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டாவது திமிலில் விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்க வேண்டும். அந்த வாய்ப்பின் பெயர்தான் நிகழ்தகவு.

பெரியவரின் இருபது வருஷ அனுபவம் முழுக்க முதல் திமிலில் கிடைத்தது. இரண்டாவது திமிலைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது இருபது தடவை இறங்கிக் கடந்தவர், வெள்ளம் வரும் நாளைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்?

இதற்குக் கணக்கு வாத்தியார்களிடம் எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. 'மூன்றின் விதி' என்பார்கள். ஒரு காரியத்தை 300 தடவை செய்தும் ஒரு தடவைகூடக் கெடுதல் வரவில்லை என்றால், ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. 3-ஐ 300-ஆல் வகுங்கள். நூற்றில் ஒன்று. அந்த அளவு ஆபத்து இன்னமும் ஒளிந்திருக்க இடம் உண்டு! நூற்றில் ஒருவர் கீழே விழுவார் என்று தெரிந்தால் அந்தப் பஸ்ஸில் ஏறுவீர்களா?

இந்த விதிகூட ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனி என்று வைத்துக்கொண்டுதான் போட்டது. கெட்ட சரக்கு அப்படி வருவதில்லை. ஒரே கேனிலிருந்து நூற்றுக்கணக்கான பாக்கெட் கட்டுவார்கள். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்காது. ஒரே நாளில் ஒரு தெருவே விழும். கருணாபுரத்தில் நடந்தது அதுதான்.

பங்காளிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது முதலில் மண்டையில் ஏற்றிய பாடம், அளவு என்பது மருந்தில் மட்டும் இல்லை, ஆளிலும் இருக்கிறது என்பது. சேராங்கொட்டை ஒருவருக்குச் சுத்தி செய்து கொடுத்தால் மருந்து. இன்னொருவருக்கு அதன் பால் மேலே பட்டாலே உடம்பெல்லாம் கொப்புளம். அதனால்தான் வயது, பலம், பசி, தேகவாகு எல்லாம் பார்த்துக் குன்றிமணி எடையில் கொடுக்கச் சொன்னார்கள்.

மெத்தனாலும் அப்படித்தான். 30 மில்லி கொல்லலாம் என்றேன். அதைவிடப் பல மடங்கு உள்ளே போய் உடனே சிகிச்சை கிடைத்ததால் பிழைத்தவர்களும் உண்டு. எடை, சத்துக் குறைவு, எப்போது ஆஸ்பத்திரி போனார் என்பதெல்லாம் சேர்ந்து தாங்கும் எல்லையும் ஆளுக்கு ஆள் பரவிக் கிடக்கிறது. 'கொல்லும் அளவு' என்று ஒரே கோடு கிடையாது.

இன்னொன்று. மெத்தனாலோடு சாதாரணச் சாராயமும் சேர்ந்து உள்ளே போனால், கல்லீரல் முதலில் சாராயத்தைத்தான் கவனிக்கும். மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். விஷம் வேலை செய்வது இன்னும் தள்ளிப்போகும். ஆக, "அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதற்குப் பல நேரம் "இன்னும் ஆகலை" என்றுதான் பொருள். பங்காளிக்கு வேறு பாக்கெட் கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான். தெம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அளந்து பார்க்க வழி இல்லாவிட்டால்?

குடிக்காத வீட்டார் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதே கணக்கு உங்கள் வீட்டுக் குடிதண்ணீருக்கும் பொருந்தும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியும் வரும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. குடிநீர் அளவுகளைக் கணக்கிடும்போது பெரும்பாலும் 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கரும்பு வெட்டுகிற நம் பெண்ணைப் பாருங்கள். எடை 45 கிலோ. வெயிலில் 5 லிட்டர் குடிக்கிறார். அதே தண்ணீர்தான். முன்னவருக்கு நாளுக்கு 3 மில்லிகிராம் போனால் இவருக்கு 7.5. எடைக்கு எடை பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல்! வெப்ப நாடுகளில் மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஃப்ளோரைடு அளவை முடிவு செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

ஆனால் நம் ஊர்ப் பெண் எவ்வளவு குடிக்கிறார் என்று அளந்து வைத்தது யார்? அளவு இல்லாதபோது அனுபவஸ்தரைக் கேட்கலாம். "குறைஞ்சது 2 லிட்டர், சாதாரணமா 4, கோடையில 7 வரைக்கும் போகும்" என்பார் வேலைக்கு ஆள் அழைத்துப் போகும் மேஸ்திரி. மூன்று எண் கிடைத்தாயிற்று. மூன்றையும் கோடு போட்டால் கூடாரம் மாதிரி முக்கோணம் வரும். இதுவும் ஒரு பரவல்தான். முக்கோணப் பரவல் என்று பெயர். தெரிந்ததைவிட அதிகம் தெரிந்த மாதிரி நடிக்காத நேர்மையான வடிவம்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை செய்யும். தண்ணீரின் நஞ்சு எவ்வளவு என்பதில் ஒரு சீட்டு, குடிக்கும் அளவில் ஒரு சீட்டு, உடல் எடையில் ஒரு சீட்டு என்று குலுக்கி எடுத்துப் பெருக்கும். இப்படிப் பல ஆயிரம் தடவை. 1940-களில் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதையின் யோசனையில் பிறந்த முறை இது. சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் மான்டி கார்லோ என்கிறார்கள். 1997-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு நெறிமுறைகளை வெளியிட்டது. எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வடிவம் தப்பானால் கம்ப்யூட்டர் லட்சம் தடவை குலுக்கினாலும் விடை தப்புதான்.

கடைசியில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஐம்பதாவது ஆளுக்கு என்ன ஆகும் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். தொண்ணூற்றைந்தாவது ஆளையும் பார்ப்பார்கள். அவர் பத்திரமா என்று கேட்பார்கள். நம் வீடுகளில் அந்த ஆள் யார்? வெயிலில் நிற்பவர். மெலிந்தவர். குழந்தை. கர்ப்பிணி. அல்லது பன்னிரண்டு பாக்கெட்காரர்.

தாய்மார்களே, இதை மட்டும் மறக்காதீர்கள்

நான் சித்த வைத்தியன். ஆனாலும் சொல்கிறேன், மெத்தனாலுக்கு என்னிடம் கஷாயம் இல்லை. மோர், எலுமிச்சை, உப்புக் கரைசல் என்று எதையும் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

சந்தேகச் சாராயம் குடித்த மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சிரைப்பு வந்தாலும், கண்ணுக்கு முன்னால் பனி மூடின மாதிரி மங்கலாகத் தெரிந்தாலும், அதைப் போதை இறங்காத அசதி என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறி வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். உடன் குடித்தவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்று காதில் விழுந்தாலே போதும். நல்லா இருக்கிறவரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கள். கல்லீரல் மெத்தனாலை உடைக்காமல் தடுக்க ஃபோமிபிசோல் என்ற மருந்து உண்டு. ரத்தத்திலிருந்து விஷத்தை எடுக்க டயாலிசிஸ் உண்டு. முதல் சில மணி நேரங்களில் இவை கண்ணையும் உயிரையும் காப்பாற்றும். சாராயமே இதற்கு மாற்று மருந்து என்று யாராவது சொல்வார்கள். அது ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து அளந்து கொடுக்கிற விஷயம். வீட்டில் இன்னொரு கிளாஸ் ஊற்றினால், விஷத்தை மறைத்து வைத்து ஆளைத் தாமதமாகக் கொல்வதாக முடியும்.

பெரியவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? கடுக்காயைத் திரும்ப மூட்டையில் அள்ளிப் போட்டபடி, "அப்போ நான் இத்தனை நாள் பொழச்சது என் தெம்பு இல்லீங்களா?" என்றார்.

"தெம்பு இல்லீங்க. பாக்கெட்டு" என்றேன்.

குடியை அன்றே விட்டுவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். குடி ஒரு நோய். அதற்குச் சிகிச்சை வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது வாசலில் நின்று அவர் வீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

"இனிமே யாருக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. எந்தக் கேன்ல இருந்து வந்துச்சுன்னு கேளுங்க."

நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!